சீட்டுப் பெட்டியும் சங்க நெறியும்

அவையில் எழுந்து ஒருவர் சொன்ன சொல்லை, அவையோர் சீட்டுப் போட்டு நல்லதென்றும் தீயதென்றும் முடிவு கட்டுதல் முறையாகுமா? முறையெனில், அவ்வாக்கில் சூது புகாமற் காப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களும் சில நாட்களாகத் தேவ்நார்ப் பகுதித் தமிழ்ப் பௌத்த அன்பர்களிடையே நடமாடி வருகின்றன. ஏட்டுப் படிப்பினாற் பிறந்த வினாக்களாயின் இவற்றை எழுதத் துணிந்திரேன். ஒரு சகோதரியின் மனம் நொந்ததை அடுத்துப் பிறந்தவை ஆதலின் எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் மாலையில் நாங்கள் சிலர் கூடுவதுண்டு. செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் ஓரிருவர் வருவர். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதியபின் ஒருவர் பேசுவார், ஏனையோர் வினவுவர். பல்லாண்டுகளாகப் பேசுவோர் மூவரே. அம்மூவருள் யானும் ஒருவன் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது நேர்மை. இளைஞர்கள் பொறுத்துப் பார்த்து, முடிவில் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பேச்சு முடிந்ததும் பிடித்தவர் வெள்ளைச் சீட்டும் பிடிக்காதவர் கறுப்புச் சீட்டும் இடவேண்டும். வெள்ளை மிகுந்தவர் அடுத்த மாதமும் பேசலாம். கறுப்பு மிகுந்தவர் மூன்று மாதம் மேடையேறலாகாது என்பது அவர்கள் வகுத்த விதி. “நாட்டின் ஆட்சிக்கே ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு என்றிருக்க, இந்த மேடையை மட்டும் உங்கள் மூவர்க்கும் பட்டா எழுதிக் கொடுத்தவர் யார் ஐயா?” என்று ஓர் இளைஞர் கேட்டார். என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை.

முதல் ஞாயிறு பெட்டி நன்றாகவே நடந்தது. இரண்டாம் ஞாயிறு ஒரு சகோதரி பேசினார். தீட்சை பெற்ற குடும்பங்களிலும் பெண் கேட்க வருவோர் முதலில் ஊரைக் கேட்கிறார்கள். ஊரைக் கேட்பது உட்சாதியை அறிவதற்கே. புத்தர் படம் கூடத்தில் தொங்க, குலதெய்வத்தின் படம் பரணில் பத்திரமாய் இருக்கிறது என்றார். சொன்ன குரலில் ஏளனம் இல்லை. தம் வீட்டையும் சேர்த்தே சொன்னார். பெட்டியைத் திறந்தபோது நாற்பத்தொரு சீட்டுகள் இருந்தன. வந்திருந்தவர்களோ முப்பத்திருவர். கறுப்பு முப்பது, அவற்றுட் பல ஒரே கையால் ஒரே மடிப்பாக மடிக்கப்பட்டவை. சகோதரி ஒன்றும் சொல்லாமற் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியை உடைத்தெறிக என்றனர் முதியோர். பெட்டிக்கு இருவரைக் காவல் வைத்தாற் போதும் என்றனர் இளையோர். இருசாராரும் நோயின் ஒரு பாதியையே கண்டனர் என்பது என் கருத்து. மிகுதியாய் விழுந்த ஒன்பது சீட்டுகளைக் காவல் தடுத்திருக்கும். அவற்றை நீக்கினும் கறுப்பு பெரும்பான்மையாகவே நின்றிருக்கும். உண்மையுரைத்தவர் அப்போதும் மூன்று மாதம் வாய்மூடியிருக்க நேர்ந்திருக்கும்.

வாக்கெடுப்பு மேனாட்டிலிருந்து வந்த இரவல் சரக்கு என்று நினைப்பார் நம்முள் உளர். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் அரசமைப்பு நிர்ணய சபையிற் பேசிய பாபாசாகிப் அம்பேத்கர், பாராளுமன்ற முறைகளைப் பிக்கு சங்கங்கள் அறிந்திருந்தன என்று எடுத்துக்காட்டினார். அமரும் வரிசை, தீர்மானம் கொணர்தல், கூட்டத்திற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, வாக்கு எண்ணுதல் ஆகிய அனைத்திற்கும் அங்கே விதி இருந்தது. விநய பிடகத்தின் சுல்லவக்கம், சங்கத்தில் எழும் வழக்குகளைத் தீர்க்க ஏழு வழிகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று பெரும்பான்மையால் தீர்த்தல். சீட்டுக்கு மாறாக அவர்கள் கையாண்டது சலாகை, அதாவது சிறு குச்சி. ஒவ்வொரு கருத்துக்கும் வெவ்வேறு நிறக் குச்சி வைத்து மறைவாக வழங்குவது ஒரு முறை; காதோடு சொல்லி வழங்குவது இன்னொரு முறை; வெளிப்படையாக வழங்குவது மூன்றாம் முறை. மறைவாக வழங்கும்போது, எடுத்த குச்சியை எவர்க்கும் காட்டாதே என்று சொல்லவும் வேண்டும். பிரிட்டனில் பாராளுமன்றத் தேர்தலுக்கு மறைவு வாக்கு 1872-ஆம் ஆண்டிற்றான் சட்டமாயிற்று என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

சலாகை வழங்குவோனுக்கு ஐந்து தகுதிகள் வேண்டும். விருப்பின் வழிச் செல்லாமை, வெறுப்பின் வழிச் செல்லாமை, மயக்கத்தின் வழிச் செல்லாமை, அச்சத்தின் வழிச் செல்லாமை. ஐந்தாவது, எது எடுக்கப்பட்டது எது எடுக்கப்படவில்லை என்பதை அறிந்திருத்தல். இவ்வைந்தாவதை முதலிற் படித்தபோது அற்பமாகக் கருதினேன். முப்பத்திருவர் கூட்டத்தில் நாற்பத்தொரு சீட்டு விழுந்தபின் அதன் பெருமை தெரிந்தது!

செல்லாத வாக்கெடுப்புக்குப் பத்துக் குற்றங்கள் கூறப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் இங்கே விரிப்பதில் பயனில்லை. எங்கள் பெட்டியைச் சுட்டுவன மூன்று. வழக்கு அற்பமானதாயின் வாக்கெடுப்புச் செல்லாது. சங்கம் பிளவுபடும் என்று தெரிந்தும் எடுத்தாற் செல்லாது. தத்தம் கருத்துக்கு ஏற்பக் குச்சியை எடுக்காவிடினும் செல்லாது. இக்கடைசிக் குற்றமே என்னை நெடுநேரம் நிறுத்தியது. கறுப்புச் சீட்டு இட்ட சிலரிடம் பின்னர்த் தனியே பேசினேன். சகோதரி சொன்னது பொய்யென்று ஒருவரும் சொல்லவில்லை. “எங்கள் ஊர்க்காரர் எல்லாம் போட்டார்கள், நானும் போட்டேன்” என்றார் ஒருவர். ஊரை ஒளித்துவைத்துக் கேட்கிறார்கள் என்று அவர் குறை சொன்னார். ஊரைத் திரட்டிக்கொண்டே அவருக்கு விடையிறுத்தார்கள்.

இனி, மறைக்காமற் சொல்லவேண்டிய ஓர் இடர்ப்பாடு உண்டு. தருமத்துக்கு மாறானவர் தொகை மிகுந்திருக்கக் கண்டால், வாக்கெடுப்புப் பிழையாயிற்று என்று சலாகை வழங்குவோன் தள்ளிவிடலாம் என்றும் அவ்விநயமே கூறுகிறது. தருமவாதிகள் மிகுந்திருந்தாற் சரியாயிற்று என்று அறிவிக்கலாம். இதனைப் படிக்கும் நம் இளைஞர், பிறகு எண்ணுவது எதற்கு என்று கேட்பர், கேட்பது நியாயம். பிக்குகளுக்கு அதில் ஒரு பொருள் இருந்தது. பகவான் அருளிய தருமமும் விநயமும் அவர்கள் முன் நின்றன. அவற்றைத் தொகை கூட்டி மாற்ற எவர்க்கும் உரிமையில்லை. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எது தருமவாதம் என்று அளந்து சொல்பவர் யார்? பழைய மூவருக்கே அவ்வதிகாரம் போனால் பெட்டி வெறும் அலங்காரப் பொருளாகிவிடும். ஆதலின் இவ்வொரு விதியை நாம் எடுத்துக்கொள்ளலாகாது என்றே துணிகிறேன். விநயத்தின் மீதுள்ள மதிப்புக் குறைந்து இதனைச் சொல்கிறேனல்லேன். அதைத் தாங்கும் தகுதி நமக்கில்லை என்பதாற் சொல்கிறேன்.

விதியை மீறாமலும் வாக்கை நஞ்சாக்கலாம் என்பதற்குப் பம்பாய் நகரமே சான்று. முதற் பொதுத்தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதி இரட்டை உறுப்பினர் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவருக்கே இடலாகாது. அங்கே 1952-இல் பாபாசாகிப் ஏறத்தாழ 14,500 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். செல்லாதவையாகத் தள்ளப்பட்டவை 74,000-க்கு மேல். ஒதுக்கப்பட்ட இடத்துக்குரிய வாக்கை வீணாக்கும்படி வாக்காளரிடையே பிரசாரம் நடந்தது என்று அவரும் அசோக் மேத்தாவும் தேர்தல் மனுச் செய்தார்கள். இரட்டை உறுப்பினர் தொகுதி முறை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. நான் இங்கே வலியுறுத்துவது ஒன்றே: கள்ளச் சீட்டு ஒன்றுகூட விழாத பெட்டியிலும், சிறியோர் குரலை அடக்குவதற்கு ஒரு கூட்டம் வழி கண்டுபிடித்துவிடும்.

தமிழ்நாட்டுப் பெருமையாக உத்திரமேரூர்க் குடவோலையை எடுத்துச் சொல்வோர் உண்டு. முதற் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கியது மெச்சத்தக்கதே. ஆயினும் குடத்தில் ஓலை இட வேண்டுமாயின் காணி நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும். நம் முன்னோர் பெயர் எழுதிய ஓலை எதுவும் அக்குடத்தில் விழுந்திராது. நம் பெட்டிக்கும் இக்கேள்வி உண்டு. கூட்டம் நடக்கையில் பின்கட்டில் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நால்வர் கையில் அன்று ஒருவரும் சீட்டுக் கொடுக்கவில்லை. முப்பத்திருவர் என்று எண்ணியபோது அவர்களை நானும் சேர்க்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

கூட்டுச் செயலுக்குத் தொகை வேண்டும். டிசம்பர் 6 அன்று தாதர் சைத்தியபூமிக்கு வருவோர்க்குத் தண்ணீர் வழங்குவதா உணவு வழங்குவதா என்று கேட்டால், இரண்டுக்கும் பணமில்லாதபோது எண்ணித்தான் ஆகவேண்டும். தோற்றவரும் வென்றவரோடு சேர்ந்து குடம் சுமப்பர். ஒருவர் சொன்னது உண்மையா என்பது அத்தகைய வழக்கன்று. செவிவழி வந்தது என்பதாலோ, மரபு என்பதாலோ, ஆசான் சொன்னார் என்பதாலோ ஒன்றைக் கொள்ளவேண்டாம் என்று காலாமர்க்குச் சொன்ன பகவான், முப்பது பேர் மறுத்தார் என்பதால் மட்டும் ஒன்றைத் தள்ளச் சொல்வாரா?

அங்ஙனமாயின் கேட்போர்க்கு மறுப்புரிமையே இல்லையா எனின், உண்டு. கோசாம்பியில் ஒரு சிறு செயல் குற்றமா அன்றா என்று பிக்குகள் இரு பிரிவாய்ப் பிரிந்து பூசலிட்டனர். பகவான் சொல்லியும் கேளாமையால் அவர் அவர்களை நீங்கிச் சென்றார். அந்நகரத்து இல்லறத்தார் என்ன செய்தனர்? இரு பிரிவினர்க்கும் வணக்கமும் பிச்சையும் மறுத்தனர். அதுவும் ஒரு கறுப்புச் சீட்டே! ஆயினும் அஃது இட்டவர் இன்னாரென்று ஊரறியும். எதற்காக இட்டனர் என்பதும் தெரியும். பூசல் தீர்ந்தால் திரும்பப் பெறப்படும் என்பதும் தெரியும். எளியவன் வலியவனுக்கு அஞ்சாமல் வாக்களிக்க மறைவு வேண்டும். பலர் சேர்ந்து ஒருத்தியை மறுக்கும்போது மறைவு எதற்கு? அங்கே அது துணிவற்றவர்க்குத் திரையாகிறது.

சென்ற வாரம் இவற்றையெல்லாம் கூட்டத்தில் எடுத்துரைத்தேன். பேசுவோர்க்குச் சீட்டு வேண்டாம், பேசத்தக்க பொருளுக்குச் சீட்டுப் போடுவோம் என்றேன். பின்கட்டில் இருப்போர் உட்பட வந்தவர் தலைக்கு ஒரு சீட்டு, பெயர்க் குறிப்போடு கையிற் கொடுத்து எண்ணுவது. மறுப்புடையார் எழுந்து நின்று மூன்று நிமிடம் காரணம் சொல்வது. பழைய மூவரும் ஆண்டுக்கு இருமுறைக்கு மேற் பேசாதிருப்பது என்றும் சொன்னேன். கடைசியதற்குத்தான் கைதட்டல் மிகுதி! பேசுவோர்க்கு வெள்ளைச் சீட்டாவது இருக்கட்டும் என்று இளைஞர் வாதாடினர்; கறுப்பில்லாத வெள்ளையும் நாளடைவில் ஊர்த் தொகையாகவே முடியும் என்பது என் ஐயம். அது தீரவில்லை.

வரும் ஞாயிறு என் முறை. அதனை அச்சகோதரிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். இருமுறை மறுத்து, மூன்றாம் முறை வர ஒப்புக்கொண்டார். அதே பொருளைப் பற்றியே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று கறுப்புச் சீட்டு இட்டோருள் எத்தனை பேர் எழுந்து காரணம் சொல்வார்கள் என்று பார்க்கவேண்டும்.