கொடுத்த கையும் கற்ற கையும்

ஒருவர் தம் கருவியை இன்னொருவனுக்குக் கொடுத்து, அதைக் கையாளவும் கற்றுத் தருகிறார். அவன் அதைக்கொண்டே பிழைக்கத் தொடங்கிவிடுகிறான். பல ஆண்டுகள் கழித்து, 'இனி இது இல்லை' என்று கொடுத்தவர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கருவி அவருடையது, எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதில் பழகிப் பழகித் தேறிய அந்தக் கை யாருடையது? அந்தக் கைக்கு அவர் ஏதேனும் கடன்பட்டிருக்கிறாரா, இல்லையா?

திருச்சியில் ஒரு விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. உறையூரில் எங்கள் தெருத் தறிக்காரர் ஒருவரின் பேரன் இணையத்துக்கு நிரல் எழுதும் உத்தியோகத்தில் இருக்கிறான். "புதுக் கருவியெல்லாம் காட்டப் போறாங்க. சும்மா வந்து பாருங்க சார், உங்களுக்கும் ஏதாவது கதை கிடைக்கும்" என்று அழைத்துப் போனான். கதை எழுதுகிறவனை இப்படிச் சொல்லி எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம்.

மேடையில் நின்ற இளைஞர் நன்றாகவே பேசினார். தமக்கு என்ன வேண்டும் என்பதைச் சாதாரணப் பேச்சு நடையில் இரண்டு வரி தட்டினார். இயந்திரம் நிரலைத் தானே எழுதியது. சாமான், விலை, பணம் கட்டும் இடம் எல்லாவற்றோடும் திரையில் ஒரு கடை எழும்பி நின்றது. மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன், தட்டாமல் இருக்க முடியாது. அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "இது எத்தனை வருஷம் இருக்கும்?" என்று கேட்டாள். "நீங்கள் உபயோகிக்கிற வரைக்கும்!" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஃப்ளாஷ் காலத்தில் தொழில் கற்றவளாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃப்ளாஷ் 1996-ல் பிறந்தது. இணையத்தில் படம் அசைந்ததும், விளையாட்டு நடந்ததும் ஒரு காலத்தில் பெரும்பாலும் அதன் தயவால்தான். பார்ப்பவருக்கு இலவசம், படைப்பவருக்கு விலை. 2005-ல் மாக்ரோமீடியா நிறுவனத்திடமிருந்து அடோபியின் கைக்குப் போயிற்று. எத்தனையோ பேர் அதையே தொழிலாகக் கற்றார்கள். 2007-ல் வந்த ஐபோன் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. 2017 ஜூலையில் முடிவை அறிவித்தார்கள்; 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு நின்றது; 2021 ஜனவரி 12 முதல் அது தன்னில் செய்த படைப்புகளையே ஓடவிடாமல் மறித்தது. தென்னாப்பிரிக்க வரி இலாகாவின் படிவங்கள் சில அதில் சிக்கிக்கொண்டதால், அவற்றைத் திறப்பதற்கென்றே அந்த இலாகா அதே மாதம் சொந்தமாக ஓர் உலாவியை வெளியிட்டது. சர்க்கார் இலாகாவால் அது முடிந்தது. மாடியறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் பிழைத்தவன் என்ன செய்வான்?

நியாயத்தையும் சொல்லவேண்டும். திருடன் நுழையும் ஓட்டைகள் அதில் அடைக்க அடைக்க வந்துகொண்டிருந்தன. அதைவிட நல்ல பொது வழிகளும் வந்துவிட்டன. மூன்றரை ஆண்டு அவகாசமும் கொடுத்தார்கள். முடித்தது குற்றமென்று நான் சொல்லவில்லை. முடிவைப் பற்றிய பேச்சு ஏன் முதல் நாளே வருவதில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கூட, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்.

வேறு விதமாகக் கொடுத்தவர்களும் உண்டு. வலைப்பக்கங்களின் மூல யோசனையை 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்தது ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில். 1993 ஏப்ரல் 30-ல் அந்த நிலையம் அதன் நிரலைப் பொதுச் சொத்தாக எழுதிக் கொடுத்துவிட்டது. இனித் திரும்பக் கேட்க வழியில்லாதபடி கொடுத்த கொடை அது. எங்கள் உறையூர் வெக்காளியம்மன் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் வீற்றிருப்பதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். மண்மாரியில் வீடிழந்த ஜனங்களுக்கெல்லாம் கூரை கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். கம்பெனிக்காரர்களிடம் அவ்வளவு கேட்க எனக்குத் துணிவில்லை. பின்வரிசைப் பெண்ணுக்குச் சிரிப்பில்லாமல் ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பேரனின் தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலான பெரிப்ளூஸில் வரும் 'அர்கரு' என்ற துணி ஊர், உறையூர்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அந்தப் பெருமையையும் இழுத்து வைத்துக்கொண்டு, "உங்கள் தறியை யாரும் திரும்பக் கேட்க முடியாது, பெரியவரே! நாடா உடைந்தால் தச்சர் செய்து கொடுத்துவிடுவார்" என்றேன்.

"தறியை யாரும் கேக்கலைங்க. அது குழியிலேயேதான் கிடக்கு. துணி வாங்கறவங்கதான் போயிட்டாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கருவி சொந்தமாக இருந்தால் போதும் என்று நான் கட்டிய வாதம் அவருடைய குழித்தறியில் விழுந்துவிட்டது. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். மில் துணியும் விசைத்தறித் துணியும் வந்து வாடிக்கையைக் கொண்டுபோனபோது, 'நீதானே என்னைக் கூப்பிட்டாய்?' என்று கேட்கப் பெரியவருக்கு எதிரே ஓர் ஆள் இல்லை. பேரனுக்கு இருக்கிறார். மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, காப்பி கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார்.

பேரன் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே, அந்தப் புதிய கருவியில் ஒரு ஜவுளிக் கடைக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டுமாம்.