பெயரிடுதலும் பெயர் சொல்லி அழைத்தலும்



ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார் சந்நிதியில் ஆண்டுதோறும் காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. இளந்தம்பதியர் கைக்குழந்தையுடன் வந்து நிற்பர். அர்ச்சனைக்காக அர்ச்சகர் குழந்தையின் பெயரையும் நட்சத்திரத்தையும் வினவுவார். நட்சத்திரத்தை எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவர். பெயரைச் சொல்லும்போதுதான் சிறு தடுமாற்றம் நேரும். தாய் ஒரு பெயரைச் சொல்வாள். பின்னால் நிற்கும் பாட்டியார் வேறொரு பெயரைச் சொல்வார். அர்ச்சகர் அனுபவசாலியாதலின் இரண்டையும் சேர்த்தே சொல்லி அர்ச்சனையை முடித்துவிடுவார். சந்நிதியில் முடிந்துபோகும் இவ்வழக்கு வீட்டிற்குச் சென்றதும் மறுபடியும் தொடங்கும் என்பதை அடியேன் அனுபவத்தால் அறிவேன்.

குழந்தைக்கு வழிவழி வந்த பெயரை இடுவதா, எங்கும் கேளாத புதுப் பெயரை இடுவதா என்பதே வழக்கு. இதனை முதியோருக்கும் இளையோருக்கும் இடையே உள்ள பிணக்கு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் இளையோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. அடியேன் பயின்ற பள்ளியில் ஒரே வகுப்பில் நான்கு ஸ்ரீநிவாசன்கள் இருந்தோம். நெட்டைச் சீனு, குட்டைச் சீனு, கண்ணாடிச் சீனு என்று மூவர். நான்காமவனுக்கு இட்டு அழைத்த பெயரை இம்மலரில் எழுதுதல் தகாது. அந்த நான்காமவன் அடியேனே. திருவேங்கடமுடையானின் திருநாமத்தைப் பெற்றிருந்தும், பள்ளிப் பருவம் முழுவதும் அத்திருநாமத்தால் அழைக்கப்படாமலே கழித்தவன் அடியேன்.

இவ்வழக்கு இன்று தோன்றியதன்று. இவ்வூரில் நந்தவனம் அமைத்து மாலைக் கைங்கர்யம் செய்த பெரியாழ்வார், தம் திருமொழியின் நான்காம் பத்தில் ஆறாம் திருமொழி முழுவதையும் குழந்தைகளுக்குப் பெயரிடும் செய்திக்கே ஒதுக்கியிருக்கிறார். பொருளுக்கும் நல்ல துணிமணிக்கும் ஆசைப்பட்டு, செல்வர்களின் பெயரைத் தம் மக்களுக்கு இடுவோரை அவர் கடிந்து பேசுகிறார். அவ்வாறு பெயரிட்டால் பெயருக்குரிய செல்வர் மகிழ்ந்து ஏதேனும் கொடுப்பர் என்ற எண்ணம் அக்காலத்தில் இருந்திருக்கிறது போலும். அதனை விட்டுக் கேசவன், மாதவன், கோவிந்தன் என்று எம்பெருமான் திருநாமங்களை இடுங்கள் என்றும், நாரணன் என்று பெயரிடப்பெற்ற பிள்ளையின் தாய்க்கு நரகம் இல்லை என்றும் அருளிச்செய்கிறார்.

இத்திருமொழியை அடியேன் பல்லாண்டுகள் ஒரே விதமாகப் பொருள் கொண்டிருந்தேன். பழைய பெயரே உயர்ந்தது, புதிய பெயர் தாழ்ந்தது என்பது அப்பொருள். என் வீட்டில் ஒரு பேத்தி பிறந்தபோது இத்திருமொழியையே துணையாகக் கொண்டு வாதாடினேன். குழந்தைக்கு என் அன்னையின் பெயரை இடவேண்டும் என்பது என் கட்சி. என் அன்னையின் பெயர் திருச்சானூரில் எழுந்தருளியிருக்கும் தாயாரின் திருநாமமே. ஆகவே ஆழ்வார் என் பக்கமே இருக்கிறார் என்று நிச்சயித்திருந்தேன். மகனும் மருமகளும் செல்பேசியில் தேடி ஒரு பெயரைத் தேர்ந்து வைத்திருந்தனர். கேட்பதற்கு இனியதாய் இருந்தது. ஆயினும் எங்கள் குடும்பத்தில் எவரும் பெற்றிராத பெயர்.

மருமகள் மிகவும் அடக்கமானவள். வாதம் முற்றிய வேளையில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "பாட்டி இருந்த காலத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யார் அழைத்தார்கள் அப்பா?"

விடை சொல்ல என்னால் இயலவில்லை. என் தந்தையார் அவரை "இதோ பார்" என்றுதான் அழைப்பார். நாங்கள் அம்மா என்றோம். மன்னி, அத்தை, மாமி, பாட்டி என்று உறவுக்கு ஒரு சொல் உண்டு. பெயர் மட்டும் எவர் வாயிலும் இல்லை. ரேஷன் அட்டையில் இருந்தது. பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை சிராத்தத்தில் சொல்லப்படுகிறது. அவ்வளவே. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இட்ட வீடுகளிலும் இதே நிலைதான். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்ற மரியாதையினால், பெற்ற தாயே தன் பிள்ளையை அம்பி என்றும் ராஜா என்றும் அழைத்துக் காலம் கழித்திருக்கிறாள். நாராயணன் என்று பெயரிட்டுவிட்டு நாணு என்று கூப்பிட்டோம். கிருஷ்ணன் என்று பெயரிட்டுவிட்டுக் கிச்சா என்று கூப்பிட்டோம். ஆழ்வார் தாய்மாரை நோக்கிப் பேசியதன் கருத்து, அவர்கள் அப்பெயரை நாள்தோறும் நூறுமுறை வாயாரச் சொல்லுவர் என்பதன்றோ? சொல்லப்படாத பெயர் ஏட்டில் இருந்து என்ன பயன்?

ஸ்ரீபாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளன் கதையை அன்பர்கள் நன்கறிவர். நெறி தவறி வாழ்ந்த அவன் அந்திம காலத்தில் தன் கடைசி மகனை "நாராயணா" என்று கூவியழைக்க, விஷ்ணுதூதர்கள் வந்து காத்தனர். எந்தப் பாவம் செய்தாலும் பிள்ளைக்கு நாராயணன் என்று பெயரிட்டால் போதும் என்பதற்கு இக்கதையை மேற்கோள் காட்டுவோரும் உண்டு; அது கதையை மலிவாக்குவதாகும். உண்ணும்போதும் பருகும்போதும் அந்தச் சிறு மகனை அருகில் வைத்துக் கொஞ்சி, அவனிடமே மனத்தைப் பறிகொடுத்தவன் அஜாமிளன். அதனால்தான் உயிர் போகும் நேரத்தில் அப்பெயர் தானே நாவில் வந்தது. பெயரை நாவில் ஏற்றியது அன்பு.

இனி, இவ்வூரிலேயே நடந்த பெயர்சூட்டு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். எம்பெருமான் திருநாமத்தையே இடுங்கள் என்று உலகுக்கு உபதேசித்த பெரியாழ்வார், துளசிச் செடியின் அடியில் தாம் கண்டெடுத்த பெண்மகவுக்கு என்ன பெயரிட்டார்? கோதை என்று இட்டார். கோதை என்னும் தமிழ்ச் சொல்லுக்கு மாலை என்பது பொருள். அது எம்பெருமான் திருநாமமும் அன்று. ஆழ்வாருடைய முன்னோர் பெயர் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. நாள்தோறும் தம் கையால் தொடுத்து வடபத்ரசாயிக்குச் சமர்ப்பித்த பொருளின் பெயரையே மகளுக்கு இட்டார். வேறொன்றும் கைவசம் இல்லாத ஒருவர் தம்மிடமிருந்த உயர்ந்த பொருளின் பெயரைக் கொடுத்தார் என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது. அம்மகள் வாழ்ந்த வாழ்வினால் அப்பெயர் தமிழ்நாடெங்கும் பரவி, இன்று பழமையான பெயர்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

ஆழ்வார்களின் தலைவராகிய நம்மாழ்வாரையே எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தை அழவும் இல்லை, பாலுண்ணவும் இல்லை. உலக இயல்புக்கு மாறாக இருந்தமையால் மாறன் என்று பெயர் பெற்றார் எனப் பெரியோர் சாதிப்பர். ஆளவந்தாரின் குறைகளைத் தீர்க்க உறுதிபூண்ட எம்பெருமானார், விஷ்ணுபுராணம் தந்த முனிவரிடத்து நன்றி தோன்றுமாறு கூரத்தாழ்வானின் திருக்குமாரருக்குப் பராசரர் என்று பெயரிட்டருளினார். தந்தை வழியைத் தேடவில்லை, செய்ந்நன்றியைத் தேடினார். அந்தப் பராசர பட்டரே பின்னர் ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்திற்குப் பாஷ்யம் அருளி, ஆயிரம் திருநாமங்களில் ஒவ்வொன்றும் எம்பெருமானின் குணத்தையோ செயலையோ காரணமாகக் கொண்டது என்று காட்டினார். ஆகவே நம் சம்பிரதாயத்தில் பெயருக்கு வேண்டுவது வயதன்று, காரணமே. அக்காரணத்தை நாளைக்கு அந்தக் குழந்தைக்குச் சொல்லத் தக்கதாயிருக்க வேண்டும். "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று ஐந்து வயதில் கேட்காத குழந்தை இல்லை. "வேறு எவருக்கும் இல்லாத பெயரம்மா" என்பது மட்டுமே விடையானால் அது மெலிந்த விடை. அதே பெயர் மறு ஆண்டே தெருவில் நால்வருக்கு வந்துவிடும். "உன் தாத்தா பிடிவாதம் பிடித்தார்" என்பதும் அதைவிடச் சிறந்த விடையாகாது. எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதும் வழக்கத்தைப் பற்றி அடியேன் ஒன்றும் சொல்வதற்கில்லை. பெரியாழ்வார் துணிமணிக்கு ஆசைப்பட்டவர்களைப் பற்றிச் சொன்னதே அதற்கும் பொருந்தும்.

புதுமை வேண்டுவோர் வெகுதூரம் போகவேண்டியதும் இல்லை. திருக்கோளூர் எம்பெருமான் வைத்தமாநிதி. தென்திருப்பேரையில் மகர நெடுங்குழைக்காதன். ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளப்பிரான். குடந்தையில் ஆராவமுதனும் கோமளவல்லித் தாயாரும். திருவள்ளூரில் கனகவல்லி. காஞ்சியில் பெருந்தேவி. அவ்வவ்வூர்களில் இவை வீட்டுக்கு வீடு வழங்கும் பெயர்கள். சென்னையில் ஒரு பள்ளியில் வைத்தமாநிதி என்று ஒரு சிறுவன் எழுந்து நின்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். பழமை, புதுமை என்று நாம் பிரித்துப் பேசுவதெல்லாம் நாம் நிற்கும் ஊரைப் பொறுத்ததே.

பெரியோர்களிடத்தும் இவ்விஷயத்தில் கருத்து வேறுபாடு நேர்ந்ததுண்டு. திருவரங்கத்தில் வடக்குத் திருவீதிப் பிள்ளைக்கு ஒரு குமாரர் திருவவதரித்தார். தம் ஆசார்யரான நம்பிள்ளைக்கு லோகாசார்யர் என்றும் ஒரு திருநாமம் இருந்தமையால், ஆசார்ய பக்தியினால் அதனையே மகனுக்குச் சூட்டினார். நம்பிள்ளையின் திருவுள்ளமோ வேறாயிருந்தது. நம்பெருமாள் அருளால் பிறந்த பிள்ளைக்கு அழகிய மணவாளன் என்று அவருடைய திருநாமத்தையே இடவேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். இதனைக் குருபரம்பரை கூறுகிறது. அன்பினால் செய்ததே ஆசார்யரின் திருவுள்ளத்திற்கு மாறாகப் போயிற்று. ஆயினும் இட்ட பெயரை மாற்றச் சொன்னார் என்று அடியேன் எங்கும் கேட்டதில்லை. பின்னர் இரண்டாம் குமாரர் பிறந்தார். அவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆனார். முன்னவர் ஸ்ரீவசனபூஷணத்தையும், பின்னவர் ஆசார்ய ஹ்ருதயத்தையும் நமக்கு அருளினர். 1323-ஆம் ஆண்டு திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது முதுமையைப் பாராமல் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்றவர், நம்பெருமாளின் திருநாமம் இடப்பெறாத அந்த மூத்த குமாரரே.

அடியேனுக்கு நம்பிள்ளையின் பொறுமை இல்லை. பன்னிரண்டாம் நாள் பரப்பிய அரிசியில் மகன் தன் விருப்பப்படியே பெயரை எழுதினான். குழந்தையின் காதில் மும்முறை ஓதினான். அடியேன் அருகில் அமர்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அதன்பின் நான்கு ஆண்டுகள் பேத்தியை அப்பெயரால் அழைத்ததே இல்லை. குழந்தாய் என்பேன், கண்ணே என்பேன், அடியே என்பேன். இதனை வீட்டில் எவரும் கவனிக்கவில்லை என்று நம்பியிருந்தேன். மருமகள் கவனித்திருந்தாள், ஒருநாளும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இதே திருவாடிப்பூரத் தேரன்று, ரதவீதியில் வடம் அசைந்த நேரத்தில் கூட்டம் ஒருமுறை அலைபோல் பின்னால் தள்ளியது. என் கையைப் பற்றியிருந்த சிறு விரல்கள் நழுவிவிட்டன. குழந்தாய் என்று கூவினேன். பத்துக் குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. கண்ணே என்று கூவினேன். அருகிலிருந்தோர் என்னையே பார்த்தனர். அதற்குப் பிறகு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூவினேன். தொண்டை வறளும்வரை கூவினேன். முன்பின் அறியாத அன்பர்கள் சிலரும் அதைக் கேட்டு அப்பெயரையே வாங்கி வாங்கிக் கூவினர். கோவிந்த நாமத்துக்கு நடுவே அந்தப் புதுப்பெயர் வீதியில் ஒலித்தது. பால்கோவாக் கடைத் திண்ணையில் யாரோ ஒரு மாமி அவளை ஏற்றி நிறுத்தியிருந்தார். அங்கிருந்து கையசைத்தாள். கிட்டே சென்றதும், "நீங்கள் கூப்பிட்டது கேட்டது தாத்தா. ஆனால் நீங்கள் என்று தெரியவில்லை" என்றாள்.

இப்போது மருமகள் மறுபடியும் கருவுற்றிருக்கிறாள். ஆணாயினும் பெண்ணாயினும் பொருந்துமாறு சில பெயர்களை எழுதித் தரும்படி அவளே கேட்டிருக்கிறாள். திவ்யதேசங்களை நினைந்து நினைந்து ஒரு தாளில் எழுதி வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தையும் ஒரு வரியில் குறித்திருக்கிறேன். என் அன்னையின் பெயரை முதலில் எழுதினேன். பின்பு அடித்தேன். நேற்று மாலை கண்ணாடிக் கிணற்றருகே அமர்ந்திருந்தபோது அதனை மீண்டும் எழுதினேன், பட்டியலின் கடைசியில்.