சாட்சி சொல்ல எழாதவர்கள்

வல்லூரில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. 500 மெகாவாட் வீதம் மூன்று அனல்மின் அலகுகள் அங்கே நிற்கின்றன. பஞ்சமெல்லாம் வேலைக்குத்தான், அதிலும் நிரந்தர வேலைக்கு. அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்து ஜெப வீடுகளுக்கு வரும் ஜெபக் குறிப்புகளைக் கேட்டாலே இது விளங்கிவிடும். மகனுக்கு கேட் பாஸ் கிடைக்க வேண்டும். கான்ட்ராக்ட் கைமாறினாலும் ஆளை நீக்கக் கூடாது. குழந்தைக்கு வீசிங் நிற்க வேண்டும். குழுக் கடன் தவணைக்கு இந்த வாரம் எப்படியாவது பணம் புரள வேண்டும்.

கடவுளிடம் போய் கேட் பாஸ் கேட்பதா என்று சிரிப்பவர்கள் உண்டு. அன்றாட உணவைக் கேட்கச் சொல்லித்தந்த ஒருவரைப் பின்பற்றும் மதத்தில் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வடசென்னையின் பழைய கதையும் இதுதான். துறைமுகம் வருவதற்கு முன், ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டிப் போய், கப்பல் சரக்கைக் கரைசேர்த்தவர்கள் இந்தக் கரைக்காரர்கள். ராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம் அந்தப் படகுத் தொழிலாளர் சமூகம் எழுப்பியது. போன படகு திரும்பி வர வேண்டும் என்பதைவிடப் பெரிய இறையியல் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி நேரம் என்று ஒன்று வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், தரையில் பாய். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் எழுகிறார். மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடிப்பதால் முதல் "ஸ்தோத்திரம்" கரகரக்கிறது. மூன்று மாதமாக வேலையில்லாத கணவருக்கு அழைப்பு வந்துவிட்டது என்கிறார். கூடம் முழுக்க அல்லேலூயா. அந்த மகிழ்ச்சியில் பொய் எதுவும் இல்லை. போன வாரங்களில் அதே பாயில் அவர் அழுததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

கேட்டுக் கிடைக்காதவரின் கைக்கு அந்த மைக் போவதில்லை என்பதுதான் உறுத்துகிறது. யாரும் தடுப்பதில்லை. அவரே எழுவதில்லை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் காலைத் திருப்பலியில் இருந்தவர்கள் தப்பினார்கள். அலை பேராலயத்துக்குள் வரவில்லை. வழிபாடு முடிந்து கடலில் கால் நனைக்கப் போனவர்களும், கடற்கரைக் கடைகளில் நின்றவர்களும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். மாதா காத்தாள் என்று அன்று முதல் பலர் சொல்லிவருகிறார்கள். சொல்லட்டும், உயிர் பிழைத்தவர் நன்றி சொல்வதைத் தடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது? ஆனால் கரையில் செத்தவர்களும் பொருத்தனை செலுத்த வந்தவர்கள்தான். அதே மெழுகுவர்த்தியை வாங்கி, அதே வரிசையில் நின்றவர்கள். தப்பியவரின் சாட்சியை மட்டும் பதிவு செய்தால் மற்றவர்களின் விசுவாசத்தில் ஏதோ குறை இருந்ததென்று ஆகிவிடும். மேடையில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாய்க்கு அது கேட்காமல் இருக்காது.

ஜெபத்தை அளந்து பார்த்தவர்களும் உண்டு. இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா என்று தெரியாத இரண்டு பிரிவினரில், ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்டவர்களில்தான் 59 சதவீதம்! நாத்திகர்கள் இதை எடுத்துக் காட்டினார்கள். விசுவாசிகளோ கடவுளைப் பரிசோதனைக் குழாயில் அடைக்க முடியாது என்றார்கள். இரு தரப்பும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. ஆய்வில் ஜெபித்தவர்கள் நோயாளியை அறியாதவர்கள். எண்ணூரில் அப்படி நடப்பதில்லை. ஜெபிப்பவரே ராத்திரி ஆட்டோ பிடித்து ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார், காலையில் பிளாஸ்கில் காபி கொண்டுவருவார். இவற்றில் எது ஜெபம், எது பதில் என்று பிரித்து அளக்க எந்தக் கருவியும் இல்லை.

தமிழ்நாட்டு ஞாயிறு பள்ளிகளில் விரும்பிச் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. அயர்லாந்துச் சிறுமி ஏமி கார்மைக்கேல் நீலக் கண்கள் கேட்டு ஜெபித்தாள். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்பு. பின்னாளில் மிஷனரியாக வந்து டோனாவூரில் கோயில்களிலிருந்து சிறுமிகளை மீட்கப் போனபோது, புடவையோடு சேர்ந்து அந்தப் பழுப்புக் கண்கள் அவரை அந்நியராகக் காட்டிக்கொடுக்காமல் காத்தன என்பார்கள். அழகான கதைதான், ஆனால் ஆபத்தானதும்கூட. கிடைக்காத எல்லாவற்றுக்கும் இருபது வருஷம் கழித்து ஒரு விளக்கம் வந்துவிடும் என்று அது நம்ப வைக்கிறது. சாகும்வரை விளக்கமே வராதவர்களும் இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் எண்ணூரை இரண்டு முறை அடித்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள் புகுந்து, படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் அப்பியது. மீனவர்கள் வாளியால் மொண்டு எடுத்தார்கள். அந்தப் பிசுக்கு போவதற்குள் கிறிஸ்துமஸ் வந்தது. 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

உயிர்ச்சேதம் இல்லை என்பதற்காக ஸ்தோத்திரம் சொன்னதோடு ஊர் வீட்டுக்குள் போய்விடவில்லை. ஆலையை மூடச் சொல்லிக் குப்பங்கள் பந்தலில் உட்கார்ந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கடவுள் காத்தார் என்று நம்புபவர் குழாயைச் சரிபார்க்காததை மன்னித்தாக வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை. லூக்கா எழுதிய நற்செய்தியில், அநீதியுள்ள நீதிபதியை விடாமல் நச்சரிக்கும் விதவையின் உவமையை இயேசு சொன்னது ஜெபத்தைப் பற்றித்தான். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவோடு நிற்கும் பெண்களுக்கு அந்தக் கதைக்கு வியாக்கியானம் தேவைப்படாது.

சபைகள் ஒன்று செய்து பார்க்கலாம். சாட்சி நேரத்தில், கேட்டு இன்னும் கிடைக்காதவர்களையும் எழுந்து பேசச் சொல்லலாம். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல்தான். எனவே இது புதுப் பழக்கம் ஒன்றும் அல்ல. முதல் வாரம் கூடம் நெளியும், அல்லேலூயா எங்கே சொல்வதென்று தெரியாது. ஆனால் மகனுக்கு இன்னும் கேட் பாஸ் வரவில்லை என்று ஒரு தாய் மைக்கில் சொன்னால், எந்த கான்ட்ராக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பெரும்பாலும் இரண்டு வரிசை தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.