வாசிக்கத் தெரியாத கடதாசி

இரவு பதினொன்றுக்கு றெஸ்ரோரண்ட் அடுப்புகள் அணைந்த பின்புதான் எமக்குக் கதைக்க நேரம் கிடைக்கிறது. அன்று கோப்பை கழுவும் நண்பர் ஒன்று சொன்னார். 2009இல் தடுப்பு முகாமில் அவரிடம் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்களாம். அது சிங்களத்தில் இருந்தது. என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்பதில்லை. ஆண்ட வெள்ளைக்காரனே தனது பொலிசை அந்தளவுக்கு நம்பவில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பதிந்த வாக்குமூலம் செல்லும். அது அடித்து வாங்கப்பட்டதென்று நிரூபிக்கும் பாரம் அடிவாங்கியவனின் தலையில். மூன்று வருடங்களுக்கென்று வந்த இந்தத் 'தற்காலிக' ஏற்பாடு 1982இல் நிரந்தரமானது. 2022இல் திருத்தினார்கள், நீக்கவில்லை.

நாம் தஞ்சம் கேட்டு வந்த ஜேர்மனியில், நாசிகளின் காலத்துக்குப் பின், 1950இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 136அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வதைத்தோ களைக்க வைத்தோ ஏமாற்றியோ பெற்ற வாக்குமூலத்தை, குற்றஞ்சாட்டப்பட்டவரே சம்மதித்தாலும், பயன்படுத்த முடியாது. இங்கும் பயம் சட்டத்தை வளைத்ததுண்டு. 1977இல் செம்படைப் பிரிவினர் முதலாளிமார் சங்கத் தலைவர் ஷ்லையரைக் கடத்தி வைத்திருந்தபோது, கைதிகளை அவர்களது வழக்கறிஞர்களிடமிருந்தே துண்டித்து வைக்கும் சட்டம் சில நாட்களில் நிறைவேறியது. ஆனாலும் 136அ நிலைத்தது.

குண்டு வைப்பவனைப் பிடிக்க வேண்டாமா? வேண்டும். 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியில் புலிகளின் குண்டுக்குச் செத்தவர்களில் எம்மைப்போல் சம்பளத்துக்கு வேலை செய்தவர்களே அதிகம். ஆனால் அடித்து வாங்கிய கையெழுத்து, யாருக்கு வலித்தது என்பதை மட்டுமே சொல்லும். குண்டு வைத்தவன் யாரென்று சொல்லாது.

இன்னொன்றும் எம்மை உறுத்துகிறது. மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் தொங்கிய மட்டையில் 'துரோகி' என்றிருந்தது. அது தமிழில் இருந்தது. எமது சனம் எழுத்துக்கூட்டாமலே வாசித்தது. ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நாங்களும் கேட்கவில்லை.

"அந்தக் கடதாசியிலை நான்தான் செய்தனெண்டு எழுதியிருந்தா, நீங்கள் நம்புவியளோ?" என்றார் நண்பர்.

ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. சட்டத்திடம் நாம் கேட்கும் நியாயத்தை முதலில் எம்மிடமே கேட்க வேண்டியிருக்கிறது.