உப்பிட்டவர் யார்?

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதையே ஆண்டை வீட்டுத் திண்ணையிலும் கேட்டிருக்கிறோம். கூலியை ஏத்திக் கேட்கப் படியாள் வாய் திறந்தால் போதும், இந்தப் பழமொழி குறுக்கே வந்து நிற்கும். மரக்காணம் உப்பளத்தில் காலமெல்லாம் உப்பு வாரின எங்க ஆயா இதைக் கேட்டால் சிரிக்கும். "உப்ப வாரினவ நானு. கஞ்சிக்கு உப்பில்லாம அவன் வாசல்ல போய் நின்னவளும் நானுதான். யாரு யார நெனைக்கணும்?"

ஆயா கேட்டதை வரலாற்றிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆரோவிலைத் தாண்டிக் கடலோரமாக வடக்கே போனால் மரக்காணத்து உப்புப் பாத்திகள். இன்னும் வடக்கே, கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள். துணியும் உப்பும் கப்பலேறிய துறை அது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். யார் கொடுத்தார், யார் பிடித்தார் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. மூட்டை சுமந்தவர் யார் என்று யாரும் எழுதவில்லை.

1805-ல் சென்னை மாகாணத்து உப்பைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைந்த உப்பைக் கம்பெனி வைத்த விலைக்குக் கம்பெனிக்கே அளக்க வேண்டும். உவர்மண்ணைச் சுரண்டித் தனக்கென்று காய்ச்சினால் குற்றம். 1818-ல் இன்னொரு உடன்பாடு. தங்கள் எல்லைக்குள் உப்பு விளைவிப்பதையே நிறுத்திக்கொள்ளப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் சம்மதித்தனர். பதிலுக்கு ஆங்கிலேயர் வருஷா வருஷம் பணம் கொடுத்தனர். கடலும் வெயிலும் தருகிற பொருளை இரண்டு அரசாங்கங்கள் பேரம் பேசி முடித்தன. கையெழுத்துப் போட்டவர் எவருக்கும் உப்புத் தண்ணீரில் கால் வெடித்ததில்லை.

உப்புக்கு மட்டுமா விலை? 17-ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் டச்சுக் கப்பல்கள் இந்தக் கரையிலிருந்து துணிப்பொதிகளோடு மனிதர்களையும் ஏற்றிப்போயின. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் இலங்கையிலும் பத்தாவியாவிலும் அடிமைகளாக இறங்கினார்கள்.

எல்லாம் வெள்ளைக்காரன் செய்த பாவம் என்று சொல்லி நாம் கை கழுவிவிடலாமா? நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்கிற வழக்கம் இந்த மண்ணில் இருந்தது. சாதி ஏற்கெனவே மனிதரைப் பொருளாக்கி வைத்திருந்தது. கப்பல்காரன் வந்து விலை கேட்டான். குற்றம் கப்பலில் பாதி, களத்துமேட்டில் பாதி.

1930-ல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதைப் பெருமையாகப் பேசுகிறோம். 1947-ல் உப்பு வரியும் போனது. நல்லதுதான். ஆனால் பாத்தி யாருடையது, வாருகிறவருக்கு என்ன பங்கு என்ற கேள்வியை அந்தப் போராட்டம் தொடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பாத்தி மூழ்கினால் இன்றைக்கும் கூலி கிடையாது.

நன்றி நல்ல குணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நன்றி கேட்கிறவர் முதலில் கணக்கைக் காட்ட வேண்டும். எவ்வளவு வாரினோம், எவ்வளவு கொடுத்தீர்கள், மீதி எங்கே போனது? கணக்கைக் காட்டாமல் கேட்கிற நன்றிக்கு அடிமைத்தனம் என்றுதான் பெயர்.

அடுத்த தடவை யாராவது அந்தப் பழமொழியைச் சொன்னால், எங்க ஆயா கேட்டதையே திருப்பிக் கேளுங்கள்.