மக்கு காயும் வரை

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழியே கண்ணாடி ஏற்றிச் செல்லும் வண்டியைக் கண்டவர்கள், தகடுகள் படுக்கையாக அடுக்கப்படாமல் விளிம்பில் நிறுத்தப்பட்டு, இடையிடையே வைக்கோல் திணிக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பர். படுத்துக் கிடக்கும் கண்ணாடி ஒவ்வொரு குலுக்கலிலும் நடுவில் வளைந்து உடையும். நிற்கும் கண்ணாடி தாங்கும். இச்சிறு உண்மையைக்கூட நாம் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அறிந்தோம். அறியும்படி நேர்ந்த நிகழ்ச்சி நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதில் அடங்கிய ஒரு கேள்வி நம்மை விடாமல் உறுத்துவதால் இங்கே எழுதத் துணிகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மலைமேல் உள்ள ஒரு மாணவர் விடுதியைப் புதுப்பிக்கப் பொதுநிலையினராகிய நாம் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்தோம். கட்டடம் பழையது, இரும்புச் சன்னல்கள் துருவேறி, கண்ணாடி போன இடங்களில் அட்டையும் பிளாஸ்டிக் தாளும் கட்டப்பட்டிருந்தன. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்று எப்படி இருக்கும் என்பதை அங்கே ஓர் இரவு தங்கியவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நிதி திரட்டினோம். சேந்தமங்கலத்திலிருந்து ஒரு கண்ணாடிக்காரரை அமர்த்தினோம். நாற்பத்தெட்டுக் கண்ணாடிகள். இருபது நாள் வேண்டும் என்றார் அவர். திறப்பு விழாவுக்கோ ஒன்பது நாள்தான் இருந்தது; அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

"ஐயா, மக்கு காயணும். இங்க மஞ்சு இறங்குது, கீழ மாதிரி காயாது. மரச்சட்டமா இருந்தா எண்ணெயக் கொஞ்சம் குடிச்சுக்கும். இரும்பு குடிக்காதுங்க" என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை என்பதைப் பின்னாளில் படித்தும் கேட்டும் தெளிந்தோம். சாக்குத்தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்வதே மக்கு. சிலர் லப்பம் என்பர். (படிப்பு ஏறாத பிள்ளையை மக்கு என்று வைகிறோம். சன்னலில் அம்மக்கு செய்யும் வேலையை அறிந்தவர் அச்சொல்லை அத்தனை எளிதில் வீசமாட்டார்.) தண்ணீர் வற்றிக் காயும் பொருளன்று அது. அதிலுள்ள எண்ணெய் காற்றிலிருந்து உயிர்வாயுவை உட்கொண்டு, மெல்ல மெல்ல இறுகிக் கெட்டிப்படுகிறது. மரமானால் எண்ணெயில் ஒரு பகுதியை உறிஞ்சி இறுக்கத்திற்கு உதவும். இரும்பு எதையும் உறிஞ்சாது. ஆகவே உலோகச் சட்டத்துக்கு விரைவில் உலர்த்தும் பொருள் சேர்த்த தனி மக்கு தேவைப்படுகிறது. அதற்கும் நாள் கணக்கு உண்டு. இறுகுமுன் வண்ணம் பூசினால் மேலே ஒரு தோல் மூடிக்கொள்ளும், உள்ளே பிசுபிசுப்பு அப்படியே நிற்கும். மக்கு இறுகிய பின் வண்ணம் பூசாமல் விட்டாலும் தவறு. வெயிலில் வெடித்து உதிரும். பூசும்போது தூரிகை மக்கின் எல்லையோடு நின்றுவிடாமல் கண்ணாடியின்மீதும் ஒரு நூலளவு ஏற வேண்டும். அந்த நூலளவுதான் மழைநீர் உட்புகும் கீற்றை அடைக்கிறது.

இவை யாவும் கண்ணுக்குத் தெரியும் வேலை. தெரியாத வேலை வேறு. முதலில் காடியிலுள்ள துருவைச் சுரண்டித் துருத்தடுப்பு வண்ணம் பூச வேண்டும். துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளே விட்டுவைத்த துரு நாளடைவில் பருத்துக் கண்ணாடியையே பிளந்துவிடும். பிறகு காடியில் மெல்லிய படுக்கையாக மக்கு இட்டு, அதன்மேல் கண்ணாடியை நடுவில் தொடாமல் விளிம்போரமாக அழுத்தி அமர்த்த வேண்டும். சட்டத்தில் உள்ள துளைகளில் கம்பிக் கிளிப்புகளை மாட்ட வேண்டும். கண்ணாடியை உண்மையில் பிடித்து நிறுத்துவது அக்கிளிப்புகளே, மக்கன்று. எல்லாம் முடிந்த பின்பே வெளிப்புறத்தில் சாய்வாக மக்கு வைத்துத் தட்டைக் கத்தியால் ஒரே இழுப்பில் இழுக்கிறார்கள். படுக்கை மக்கு இருக்கிறதா, கிளிப் இருக்கிறதா என்பதை அதன்பின் எவராலும் வெளியிலிருந்து சொல்ல முடியாது. இந்தியத் தர நிறுவனம் 1960இல் உலோகக் கதவு, சன்னல், காற்றுப்போக்கிகளைப் பொருத்துவதற்கும் அவற்றில் கண்ணாடி பதிப்பதற்கும் தனி நடைமுறை விதித்தொகுப்பு ஒன்றையே வெளியிட்டது. விடுதலை பெற்றுப் பதின்மூன்றே ஆண்டுகளான ஒரு நாடு, சன்னலுக்குக் கண்ணாடி வைப்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறதே என்று நமக்கு வியப்பாக இருந்தது. விபத்துக்கு முன் படித்திருந்தால் வியப்போடு பயனும் இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கண்ணாடியைச் சட்டத்தின் அளவுக்கு அப்படியே வெட்டக் கூடாது. நான்கு புறமும் சிறிது இடம் விட்டே வெட்ட வேண்டும். வெப்பநிலை முப்பது பாகை உயர்ந்தால், ஒரு மீட்டர் நீள எஃகு ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர் நீள்கிறது, கண்ணாடி 0.27 நீள்கிறது, அலுமினியமோ 0.7 அளவுக்கு நீளும். மிகச் சிறிய வேறுபாடுதான். ஆனால் இடமே விடாமல் நெருக்கிப் பொருத்திய கண்ணாடிக்கு அச்சிறு வேறுபாடே போதும். இறுகப் பிடித்தால் உறுதி என்றுதான் நாம் எண்ணுகிறோம். கண்ணாடிக்காரரின் கலையோ, விழாமலும் நெரியாமலும் பிடிப்பது.

நாம் அவரை நெரித்தோம். நாள்தோறும் தொலைபேசியில் கேட்டோம். குழுவினர் மாறி மாறிக் கேட்டோம். எட்டாம் நாள் மாலை, படுக்கையறையின் மேற்புறக் காற்றுப்போக்கிகளுக்குக் கிளிப் தீர்ந்துவிட்டதென்றும், கீழே போய் வாங்கி வர ஒரு நாள் ஆகும் என்றும் அவர் தெரிவித்தார். "பரவாயில்லை, வைத்து முடியுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடை சொல்லப்பட்டது. அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் வைத்தார். மறுநாள் காலையில் ஈர மக்கின்மேல் வண்ணம் பூசப்பட்டது. விழா சிறப்பாக நடந்தது. சன்னல்கள் பளபளத்தன.

ஒரு மாதம் கழித்து, காற்றும் மழையுமான ஓர் இரவில், மேற்புறக் கண்ணாடி ஒன்று நழுவி விழுந்தது. நல்ல வேளையாகக் கட்டில்மேல் விழவில்லை. இருட்டில் எழுந்த ஒரு சிறுவன் சில்லின்மேல் கால் வைத்தான். பாதத்தில் ஐந்து தையல்.

குழு கூடியது. வேலை சரியில்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று. கண்ணாடிக்காரருக்குத் தர வேண்டிய கடைசித் தவணை ஆறாயிரம் ரூபாயை நிறுத்தி வைத்தோம். அவர் இருமுறை வந்து கேட்டார். மூன்றாம் முறை வரவில்லை.

கேள்வி இதுதான். அவர் செய்தது தவறுதான். கிளிப் இல்லாமல் கண்ணாடி நிற்காது என்பது அவருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. தொழில் அறிந்தவன் முடியாது என்று மறுத்திருக்க வேண்டாமா? மறுத்திருக்கலாம், அடுத்த வேலை கிடைக்காது என்ற அச்சம் மறுக்கவிடவில்லை. அப்படியானால் அவருடைய தவறு நமது கடனைத் தீர்த்துவிடுமா? குற்றம் என்பது இருவர் பகிர்ந்தால் பாதியாகக் குறையும் பொருளா, அல்லது ஒவ்வொருவரிடமும் முழுமையாகவே தங்கிவிடுவதா?

புனித தோமா அக்குவினாஸ் இறையியல் தொகுப்பில் ஈடுசெய்தலைப் பற்றி ஆராயும் இடத்தில், பிறர் இழப்புக்குக் காரணமாவோரை ஒன்பது வகையாக எண்ணுகிறார்: ஏவுவோர், ஆலோசனை கூறுவோர், இசைவோர், முகத்துதியால் தூண்டுவோர், புகலிடம் தருவோர், பங்கேற்போர், வாய்மூடி இருப்போர், தடுக்காதோர், வெளிப்படுத்தாதோர். அனைவரையும் அவர் ஒரே தட்டில் வைப்பதில்லை. வாய்மூடி இருந்தவரைத் தடுக்கும் கடமை இருந்தபோதே கட்டுகிறார். ஆனால் ஏவியவனும் செய்தவனும் இருக்கும்போது, ஈடுசெய்யும் கடமை முதலில் ஏவியவனுக்கு, அடுத்துத்தான் செய்தவனுக்கு என்கிறார். நாம் நடைமுறையில் பின்பற்றியதோ நேர் எதிரான வரிசை. கையில் மக்குக் கறை இருந்தவரே முதற்குற்றவாளியாகவும், தொலைபேசி பிடித்த கை தூய்மையானதாகவும் தோன்றிற்று. கூலியாளின் கூலியை விடியும்வரைகூட வைத்திருக்கக் கூடாதென லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுவதை ஞாயிறு மறையுரைகளில் கேட்டுத் தலையசைத்தவர்கள்தாம் நாம். அது பணக்கார முதலாளிகளுக்குச் சொன்னது என்றே எண்ணியிருந்தோம். நன்கொடை திரட்டும் குழுவுக்கும் கூலியாள் உண்டு என்பது தோன்றவில்லை.

இங்கே கொல்லிமலையில் பிறந்த ஒருவரின் நினைவு வருகிறது. நம் திருச்சபையினர் அல்லர்; பாப்டிஸ்ட் மறைப்பணியாளர்களான ஜெஸி, ஈவ்லின் பிராண்டு தம்பதியரின் மகன், 1914இல் இம்மலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு. தந்தை 1929இல் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். மகன் மருத்துவம் பயிலுமுன் இங்கிலாந்தில் தச்சு, கொத்து முதலிய கட்டட வேலைகளைக் கற்றார். பின்னர் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைப்பதில் உலகப் புகழ் பெற்று, 2003இல் மறைந்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுண்டிருந்தது. உணர்விழந்த கை, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அறியாமல் அழுத்துகிறது. அக்கைகளின் சிதைவுக்குப் பெரும் காரணம் நோய் நேரே தின்பதன்று, இவ்வுணர்வின்மையே என்பதை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அவர். அச்சிறுவனுக்காவது நோய் என்ற காரணம் இருந்தது. அழுத்தியதில் காயம்பட்டதும் அவன் விரலே. நாம் அழுத்தியதிலோ பிறர் காயப்பட்டனர்.

மறு ஆண்டு கோடையில் சன்னல்களைச் சோதிக்க வேறொருவரை அழைத்தோம். மக்கின் ஒரு சிறப்பு, பொறுமையாகச் செதுக்கினால் பிரிக்கலாம் என்பது. பிரான்சு நாட்டின் சார்த்ரு பேராலயத்தில் 1939இல் போர் நெருங்கியபோது, எழுநூறு ஆண்டுப் பழமையான வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பாதுகாத்து, போருக்குப் பின் மீண்டும் பொருத்தினார்கள். நம் விடுதியிலும் பிரித்துப் பார்த்தோம். கீழ்வரிசைச் சன்னல்கள் எல்லாவற்றிலும் துரு சுரண்டப்பட்டிருந்தது. படுக்கை மக்கு ஒழுங்காக இடப்பட்டிருந்தது. ஒரு கிளிப்பும் குறையவில்லை. ஒன்பது நாளில், எவரும் பாராத இடத்தில், அவர் அதைச் செய்திருந்தார். கடைசி இரவின் ஆறு காற்றுப்போக்கிகளில் மட்டுமே கிளிப் இல்லை.

"பரவாயில்லை, வைத்து முடியுங்கள்" என்று விடை சொல்லப்பட்டது என மேலே எழுதினோம். யார் சொன்னார் என்று எழுதவில்லை. குழு என்பது ஒளிந்துகொள்ள வசதியான இடம். "நாம்" என்ற சொல்லும் அப்படித்தான். தொலைபேசியில் அவ்வார்த்தைகளைச் சொன்னது இக்கட்டுரையை எழுதும் நாமே. கூலியை நிறுத்தத் தீர்மானித்த கூட்டத்தில் அதைச் சொல்லாமல் அமர்ந்திருந்ததும் நாமே. அக்குவினாசின் பட்டியலில் முதல் வகையிலும் நமக்கு இடமுண்டு, ஏழாவதிலும் உண்டு.

குழுவைக் கூட்டி உண்மையைச் சொன்னோம். எவரும் கடிந்துகொள்ளவில்லை, அதுவே கடினமாக இருந்தது. ஆறாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு பொருளாளரும் நாமும் சேந்தமங்கலம் சென்றோம். கடையில் அவர் ஒரு தகட்டை வெட்டிக்கொண்டிருந்தார். வைரக்கீறி ஓடி முடியும் வரை நிமிரவில்லை. வந்த காரணத்தைச் சொன்னோம். "பையன் கால் எப்படி இருக்குதுங்க?" என்று முதலில் கேட்டார். நன்றாக ஓடுகிறான் என்றோம்.

பணத்தை எண்ணினார். பிறகு அதிலிருந்து நூற்றெண்பது ரூபாயைத் தனியே எடுத்து நம் கையில் திருப்பித் தந்தார். "இது விழுந்த கண்ணாடிக்கு. அத நான் வெச்சிருக்கக் கூடாதுங்க ஐயா" என்றார். மறுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. அந்த நூற்றெண்பது ரூபாயை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று பொருளாளர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.