உதிர்ந்த கொம்பும் உரிமை வினாவும்

மரத்தினால் வில் செய்வோர் இன்றும் உலகின் பல பாகங்களில் உள்ளனர். வேட்டைக்காகச் செய்வோரும் உளர். விளையாட்டுக்காகவும் கைத்தொழில் தரும் இன்பத்துக்காகவும் செய்வோரும் உளர். அவர்களது வேலையில் சிறு கட்டமொன்று உண்டு. வில்லின் இரு நுனிகளிலும் நாண் தங்குவதற்கெனப் பள்ளம் வெட்டப்படுகின்றது. அம்பு விடுபடும் ஒவ்வொரு முறையும் நாண் அப்பள்ளத்தில் அதிர்ந்து இழுக்கின்றது. மரம் மென்மையானதாயின் நாண் நாளடைவில் அதனை அறுத்துச் செல்லும். நாரின் வழியே பிளவும் உண்டாகலாம். இதனைத் தடுப்பதற்காக, நுனியின்மீது கடினமான பொருளொன்றின் சிறு துண்டை ஒட்டி, பள்ளத்தை அதிலேயே வெட்டுவர். அதற்கென விரும்பப்படும் பொருள்களுள் ஒன்று மான் கொம்பு. வேண்டப்படுவது விரற்கணு ஒன்றின் அளவேயாயினும், அத்துண்டு எங்கிருந்து வந்தது, எவ்வாறு வந்தது என்ற வினாக்கள் சிறியன அல்ல. மரைகள் உலவும் மலைகளின் ஓரத்தில் வாழும் மலையகத் தமிழருக்கு அவை தூரத்து வினாக்களும் அல்ல.

முதலில் பொருளின் இயல்பை நோக்குவோம். மரக்கிளை, மாட்டின் கொம்பு, மானின் கொம்பு ஆகிய மூன்றையும் தமிழ் 'கொம்பு' என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றது. 'கோடு' என்னும் சொல்லோ இவற்றோடு மலையுச்சியையும் சேர்த்துக் குறிக்கும். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. மாட்டின் கொம்பு நகத்தை ஒத்த பொருளாலாகிய உறை. அது உள்ளெலும்பின்மேல் வளர்ந்து வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். மான் கொம்போ முழுவதும் எலும்பு. இரத்த ஓட்டமுள்ள மென்தோலின் கீழ் விரைந்து வளர்ந்து, முற்றியதும் தோல் உரிந்து, குறித்த காலம் நின்றபின் தானே விழும். பின்னர் மீண்டும் முளைக்கும். கலைமான்கள் தம்முள் மோதுவதற்கென அமைந்த எலும்பாதலின் அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகுதி. வில்லின் நுனிக்கு அது பொருந்துவதன் காரணமும் இதுவே. கொம்புக்கும் வில்லுக்கும் உள்ள உறவு பழமையானது. திருமாலின் வில்லுக்குச் 'சார்ங்கம்' என்று பெயர். கொம்பினால் ஆனது என்பதே அச்சொல்லின் பொருள்.

தமிழகத்தார் கடமான் என்றும் மிளா என்றும் வழங்கும் விலங்கையே நாம் மரை என்கின்றோம். ஹோட்டன் சமவெளியின் புல்வெளிகளில் மாலை வேளைகளில் அவை கூட்டமாக மேய்வதை இன்றும் காணலாம். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களைக் கொண்டு இவற்றைத் துரத்திக் கொன்றவர். அக்கால ஆங்கிலேயர் இவ்விலங்கை 'எல்க்' என்று பிழையாக அழைத்தனர். நுவரெலியாவை அடுத்துள்ள 'எல்க் பிளேன்ஸ்' என்னும் இடப்பெயரில் அப்பிழை நிலைத்துவிட்டது. வேட்டையோடு காடழிப்பும் நிகழ்ந்தது. கோப்பிக்காக வெட்டப்பட்ட காடுகள், 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின், தேயிலைக்கு உரியனவாயின. அக்காடுகளை வெட்டித் திருத்தியவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் பங்கு பெரிது. மரை தன் மேய்ச்சல் நிலத்தை இழந்ததும் எம் முன்னோர் தமக்குரியதல்லாத நிலத்தில் உழைக்க நேர்ந்ததும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் எனலாம்.

இனி வினாவுக்கு வருவோம். தோட்டத்து எல்லையில், காட்டோரத்து ஓடையருகே, தானே உதிர்ந்த மரைக்கொம்பொன்றை ஒருவர் காண்கின்றார் எனக் கொள்வோம். அதனை எடுத்து வில்லுக்கோ கத்திப்பிடிக்கோ பயன்படுத்துதல் தவறாகுமா? ஒரு மயிர் இழப்பினும் உயிர் தரியாது எனப்பட்ட கவரிமா போன்றதன்று மரை. அது தன் கொம்பை உதிர்த்துவிட்டு வாழ்கின்றது. கொலை இல்லை, வலி இல்லை. ஆகவே குற்றமும் இல்லை எனத் தோன்றும்.

இவ்விடத்துப் பௌத்த விநயம் கூறும் விதியொன்று நினைக்கத்தக்கது. தனக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும், கேளாமலும், அவ்வாறு ஐயுறாமலும் இருப்பின், பிக்கு ஒருவர் தமக்கு இடப்பட்ட ஊனை ஏற்கலாம் என்பது அது. பெறுபவனின் அறிவையும் மனநிலையையும் இவ்விதி அளவுகோலாகக் கொள்கின்றது. உதிர்ந்த கொம்பைத் தன் கண்ணாற் கண்டு எடுத்தவன் இவ்வளவுகோலின்படி தூயவனே.

ஆயின் வள்ளுவர் வேறோர் அளவுகோலைத் தருகின்றார். புலான்மறுத்தல் அதிகாரத்தில் அவர் நோக்குவது வாங்குவோனின் மனத்தை மட்டுமன்று. உண்போர் உள்ளமையாலேயே விற்போர் உளராகின்றனர் என்னும் தொடர்பையும் அவர் நோக்குகின்றார். பிக்கு கலத்தில் இடப்பட்டதை ஏற்பவர். சந்தையில் விலை கொடுப்பவனோ அடுத்த கொம்புக்கும் அழைப்பு விடுப்பவன். எனவே கண்டெடுத்த கொம்பும் வாங்கிய கொம்பும் வடிவால் ஒன்றாயினும் அறத்தால் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டைக் கூர்மையாக்குவது கைத்தொழிலின் இயல்பே. முழுக் கொம்பாயின் அதன் அடி தன் கதையைச் சொல்லும். தானே உதிர்ந்ததன் அடி கரடுமுரடாய், வெளிப்புறம் குவிந்திருக்கும். கொல்லப்பட்ட விலங்கின் கொம்பில் மண்டையோட்டின் பகுதி ஒட்டியிருக்கும், அல்லது வெட்டிய தடம் தெரியும். ஆனால் வில்லின் நுனிக்காக அறுத்து, அராவி, மெருகிட்ட துண்டில் அத்தகைய அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை. கண்ணியில் மாண்டதும், துப்பாக்கிக்கு இரையானதும், தானே உதிர்ந்ததும் ஒரே நிறமாய் ஒளிரும். 'உதிர்ந்தது' என்னும் விற்பவனின் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. அச்சொல்லே விலையைக் காப்பதுமாகும். விநயம் கூறிய 'ஐயுறாமை' இங்கு இயலாததாகிவிடுகின்றது.

கண்ணியைப் பற்றிய அச்சம் கற்பனையன்று. 2020 மே மாதத்தில் நல்லதண்ணித் தோட்டப்பகுதியில் கண்ணியொன்றில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை பின்னர் இறந்ததை நாடறியும். இத்தகைய கண்ணிகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுவன. எனினும் கம்பி வளையம் ஆள் பார்த்து இறுகுவதில்லை. மரைக்கொம்புக்கும் விலையுண்டு என்னும் நிலை வரின், தற்செயலான இறப்புக்கும் விரும்பிச் செய்த கொலைக்கும் இடையிலுள்ள வேலி எளிதிற் சாய்ந்துவிடும்.

கண்டெடுத்ததற்கும் முழு விலக்கு இல்லை. யாருக்கும் பயனற்றுக் கிடந்தது என்று நாம் கருதுவது எமது கணக்கு. காட்டில் முள்ளம்பன்றி உதிர்ந்த கொம்பைக் கொறித்து உண்கின்றது. கொம்பிலுள்ள சுண்ணச்சத்து மீண்டும் உயிர்களையும் மண்ணையும் சேர்கின்றது. 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளியிலிருந்து எதனையும் எடுத்துச் செல்லலாகாது என்னும் விதியின் நியாயமும் இதுவே. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிற்றோகைக்கு அளித்த விலக்கை மான் கொம்புக்கு அளிக்கவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. துரைமார் வேட்டையாடிய விலங்குகளின் தலைகள் சுவர்களில் அழகுப் பொருள்களாகத் தொங்குகின்றன. அவற்றை எவரும் வினவுவதில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டு, குடியுரிமை மீண்ட பின்னரும் தம் லயத்தைச் சூழ்ந்த மண்ணில் ஒரு பிடியைத் தமதென்று கூறமுடியாதோராய்ப் பெரும்பாலோர் வாழும் மக்களிடம், 'விழுந்து கிடப்பதையும் எடுக்காதே' என்பது யாருடைய அறம்? இவ்வினாவை எளிதாகக் கடந்துசெல்ல முடியாது. அறத்தின் சுமை எளியவர் தோளில் முதலில் ஏற்றப்படுமாயின் அது அறமாகாது, தண்டனையே ஆகும்.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். துரை செய்த கொலை மரையின்மீது எமக்கு உரிமையைத் தந்துவிடாது. காடிழந்த மரையும் நிலமற்ற தொழிலாளியும் ஒரே கோடரியின் கீழ் வந்தவர்கள். ஒருவர் இழப்பை மற்றவரிடம் ஈடுசெய்தல் நீதியாகாது. முதற்பொறுப்பு, தேவையின்றி விலை கொடுக்கும் வசதி படைத்தவனுடையது. எருமைக் கொம்பும் வயிரம் பாய்ந்த மரத்துண்டும் அதே வேலையைச் செய்கையில், மரைக்கொம்பை நாடுவது தேவையாலன்று, அழகு கருதியே. தான் எவ்விடத்திற் கண்டெடுத்தான், அவ்விடத்தில் எடுக்க இசைவு உண்டா என்று கூறமுடியாத கொம்பை வில்லாளன் விலக்குக. கூற முடிந்தவன் அக்கதையை வில்லோடு சேர்த்தே அடுத்தவன் கையிற் கொடுக்கட்டும். தானே உதிர்ந்தது என்பது விலங்கின் செயலைப் பற்றிய செய்தி மட்டுமே. எடுத்தவன் செயலுக்கு அவனே விடை கூறவேண்டும்.